அப்பா வண்டியை நாலு விரல் இறக்கியது

முட்டிக்குத் தைலமும் மறதிக்குத் துண்டுச் சீட்டும் வைத்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாதியிலேயே "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

போன மாதம் என் தங்கை மகன் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிவந்து, வாசலிலேயே ஜாக்கி போட்டு, முன்பக்கத்தைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டிருந்தான். எதுக்குடா என்றேன். "ஸ்டைலு, பெரியம்மா" என்று வண்டிக்குக் கீழே இருந்து பதில் வந்தது. அவன் கால்கள் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. "வெளிய வாடா மொதல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. யார் யார் கையிலோ மாறி வந்த வண்டி. மேலே நீலப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் அடியில் பச்சை வரும், இன்னும் சுரண்டினால் அப்பாவிடம் அடி கிடைக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிவருவார். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். வண்டிக்குள் எப்போதும் டீசலும் மல்லாட்டைப் புழுதியும் கலந்த வாசனை அடிக்கும். இன்றைக்கும் யாராவது கடலை உடைத்தால் எனக்கு அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

வண்டி உயரமாக நிற்கும். நான் ஏறவேண்டுமென்றால் கதவுப்பிடியைப் பிடித்துத் தொங்கி, முட்டியை வைத்து, ஒரு தம் கட்டவேண்டும். எனக்கு அது விளையாட்டு. அத்தைக்குத்தான் அது பெரிய வில்லங்கமாகிவிட்டது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. களத்தில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்து தங்கியவர். அதற்கு முன்பு பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றினவர். முழுதூரமும் செருப்பில்லாமல், கூட வருகிறவர்களை வம்புக்கிழுத்தபடியே நடப்பாராம். விழுந்த பிறகு சுவரைப் பிடித்தும் தடியை ஊன்றியும் நடமாடினார். ஆனால் இடது காலை ஒரு அளவுக்கு மேல் தூக்க வராது. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக, மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவரை வண்டியில் ஏற்றினார்கள். சேலை முட்டிவரை ஏறிவிட்டது. சந்தே நின்று பார்த்தது. "மல்லாட்டை மூட்டை மாதிரி ஏத்திட்டானுங்களேடா என்னை" என்று அன்று முழுக்க அழுதார். அதன்பிறகு அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. முக்காலி போட்டுப் பார்த்தோம், அது சாய்ந்துவிட்டது. ஆட்டோவில் கால் மடங்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் அடைமழை. ஈரத் துணி வாடையோடு வீடு கிடந்த ஒரு நாள், அத்தை அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, வர்ற சோமவாரம் மலையச் சுத்தி எட்டு லிங்கத்தையும் பாத்துட்டு வரணும்டா. எவனும் என்னத் தொடக் கூடாது. நானே ஏறணும், நானே எறங்கணும். முடியுமா முடியாதா, அத சொல்லு."

அப்பா யோசித்தார். பிறகு அத்தையைச் சுவரோரமாக நிற்க வைத்தார். "காலத் தூக்குக்கா. எவ்ளோ வருதோ அவ்ளோ." அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அந்த உயரத்தில் அப்பா என் சாக்பீஸை வாங்கி ஒரு கோடு போட்டார். பிறகு நூல் பிடித்து வண்டியில் கால் வைத்து ஏறுகிற கால்மிதியின் உயரத்தை அளந்தார். நாலு விரல் அதிகம். "வண்டிய நாலு விரல் எறக்கிட்டா நீயே ஏறிடுவ" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்வரை அந்தக் கோடு சுவரில் இருந்தது. நான் போகும்போதும் வரும்போதும் அதில் கால் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

பட்டறைக்காரர் முடியாது என்றுவிட்டார். முன்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். முன்பாரம் எல்லாம் அதன்மேல்தான். பக்கத்துக்கு இரண்டு பட்டையை உருவிவிட்டால் வண்டி தாழ்ந்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு. "தாழும் சார், யார் இல்லன்னா? அப்புறம் ஸ்டீயரிங் ஒங்க பேச்சக் கேக்காது. நான் பண்ணமாட்டேன்" என்றார் பட்டறைக்காரர். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டிலேயே கழட்டுவது என்று ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மனுஷனுக்கு அக்காமேல் இருக்கிற பாசமும் பட்டறைக்காரர்மேல் இருக்கிற கோபமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

சனிக்கிழமை வலது பக்கம் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இடது பக்கம். சக்கரத்தைக் கழட்டிவிட்டு அப்பா மல்லாந்து உள்ளே போனார். பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்க, வளைந்த போல்ட்டுகள் இரண்டு. அவற்றின் நாலு முனைக்கும் நாலு நட்டு. துருப்பிடித்த அந்த நட்டுகளைக் கழட்டி, அலுமினியக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார். கொஞ்ச நேரத்தில் துரு விட்டு, அவை பளபளவென்று ஆகிவிட்டன.

நான் ஒன்றை எடுத்தேன். திருடவேண்டும் என்று எடுக்கவில்லை. பாண்டி ஆடுவதற்கு அதைப்போல ஒரு சில்லு கிடைக்காது. ஓட்டாஞ்சில்லு துள்ளி ஓடும். இது கனமாக, போட்ட கட்டத்திலேயே உட்காரும். பக்கத்து வீட்டு வாசலில் எல்லோரையும் ஜெயித்தேன். தாகமெடுத்துத் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் வண்டி விழுந்தது.

ஜாக்கியை ஈர மண்ணில் இரண்டு செங்கல்மேல் வைத்திருந்தார் அப்பா. ஒரு செங்கல் பிளந்துவிட்டது. "டொம்" என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது என் பாதத்தில் தெரிந்தது. அப்பா எங்கே என்று பார்த்தேன். அப்பா இரண்டடி தள்ளிக் கையில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். அதை எடுக்கத்தான் அந்த நிமிஷம் வெளியே வந்திருக்கிறார். அவருடைய ஒரு செருப்பு மட்டும் உள்ளே இருந்தது. இரும்புக்குக் கீழே அது அப்பளம் மாதிரி இருந்தது.

அப்பா சிரித்தார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு பின்பக்கம் தொட்டிக்குப் போய் முகம் கழுவினார். சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பெரியவர்கள் வேர்வைக்குத்தான் முகம் கழுவுவார்கள் என்று அன்று நினைத்திருந்தேன்.

அம்மா அலறவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கையிலிருந்த தங்கையைக் கீழே இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார். "கழட்டினத இப்ப போட்டுட்டு வெளிய வந்துடுங்க. அதுக்கப்புறம் இன்னொரு வாட்டி அதுக்குக் கீழ போய்ப் படுத்தீங்க, நான் அந்தக் கெணத்துல உழுந்துடுவேன். கொழந்த மேல சத்தியம்."

அப்பா கருங்கல்லைத் தேடி எடுத்துவந்து ஜாக்கியை மறுபடி நிறுத்தினார். அவர் கால்கள் உள்ளே போவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஓடினேன். பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, காதை அடைத்துக்கொண்டேன். அடுத்த "டொம்" எந்த நேரத்திலும் கேட்கலாம் என்று இருந்தது. காதை அடைக்கிற கையில் அந்த நட்டு இருந்ததே எனக்கு வெகுநேரம் உறைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. சக்கரம் மாட்டியாகிவிட்டது. வண்டி முன்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி நின்றது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் சேற்றை யாரோ விரலால் கோதிக் கோதித் தேடியிருந்த தடம். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்கருந்து ஏதாச்சும் எடுத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். நட்டைக் கொடுத்தால் அப்பா மறுபடி வண்டிக்குக் கீழே போகவேண்டும். போனால் வண்டி விழும். விழாவிட்டால் அம்மா கிணற்றில் விழுவார். கொடுக்காவிட்டால் நாளைக்குச் சக்கரம் கழன்று அத்தை போய்விடுவார். யாராவது ஒருவர் சாகாமல் அந்த நட்டை என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை. அடி வாங்குவேன் என்கிற பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"எல்லாம் சரியாதான இருக்குது?" என்று அம்மா கேட்டார். "எல்லாம் சரியா இருக்குது" என்றார் அப்பா. அதை நம்பிவிட எவ்வளவோ பாடுபட்டேன். வேறு நட்டு எங்கேயாவது வைத்திருந்து போட்டிருப்பாரோ? ஞாயிற்றுக்கிழமை கடை ஏது?

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்பவேண்டும். அப்பா சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பின வண்டி பின்னால் வரக்கூடாது, திரும்ப வாசலில் நிறுத்திக் கை வைக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடை திறந்ததும் ஒரு நட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பின்னால் ரொம்ப வருஷம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை வந்தார். துவைத்த மஞ்சள் சேலை. தடியை என்னிடம் கொடுத்தார். கதவைப் பிடித்தார். இடது காலைத் தூக்கினார். கால்மிதியில் பாதம் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஒரு முக்கல், அவ்வளவுதான், சீட்டில் இருந்தார். அப்பா ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். சந்தே வேடிக்கை பார்த்தது. "இன்னா பாக்கறீங்க? போயி அவங்கவங்க வேலயப் பாருங்க" என்றார் அத்தை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வது?

அர்ச்சனைத் தட்டு பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை நடுவில் ஏற்றிக்கொண்டார்கள். நானும் ஏறினேன். செத்தால் எல்லோருமாகச் செத்துவிடலாம், மிச்சம் இருந்து பதில் சொல்லவேண்டாம் என்பது அப்போதைய என் யோசனை. நட்டு வலது கைக்குள் இருந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது.

இந்திர லிங்கத்தில் அத்தை தானே இறங்கினார், தானே ஏறினார். அக்னி லிங்கத்திலும் அப்படித்தான். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது நான் "அருணாசலா" என்று முணுமுணுத்தேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அத்தை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். "பாருடா, இந்த வயசுல இவளுக்கு எவ்ளோ பக்தி! கண்ணுல தண்ணி வருது." அப்பாவும் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் ஓட்டினார். ஸ்டீயரிங்கை அவ்வளவு இறுக்கிப் பிடித்து அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்தது எம லிங்கம். அந்தப் பேரே போதும் எனக்கு. பூசாரி விபூதித் தட்டோடு வந்தார். நான் இடது கையை நீட்டினேன்.

"வலது கைய நீட்டும்மா."

நான் நீட்டவில்லை. கையை விரிக்க முடியாது.

"பொட்டப் புள்ளைக்கு இதுகூடவா சொல்லித் தரல?" என்று பூசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னை முறைத்தார். அத்தைதான் தன் பங்கிலிருந்து எடுத்து என் நெற்றியில் பூசினார். பூசும்போது குனிந்து மூடியிருந்த என் வலது கையை மோந்து பார்த்ததுபோல இருந்தது. மண்ணெண்ணெய் வாசனை அத்தைக்குத் தெரியாதா? வண்டியில் ஏறியதும் அந்தக் கைமேல் தன் கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

நிருதி லிங்கத்தைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் மழையில் நனைந்த புளியமரங்கள். ரோட்டில் ஒரு சாமியாரும் நாலைந்து குரங்குகளும் தவிர ஆள் இல்லை. அத்தையின் காலுக்குக் கீழே "டொக்" என்று கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "டொக்." பிறகு விடாமல் "டொக் டொக் டொக்." வண்டி தானாகவே ஒரு புளியமரத்தைப் பார்த்து இழுத்தது. அப்பா ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"நிறுத்துப்பா! நிறுத்துப்பா! நட்டு என்கிட்டதான் இருக்குது!" என்று கத்தினேன். நான் கத்தினது எனக்கே யாரோ கத்தினதுபோலக் கேட்டது.

மரத்துக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. அப்பா இறங்கி, என் சட்டையைப் பிடித்து அவர் பக்கமாகவே கீழே இழுத்தார். கையைப் பிரித்தேன். நட்டு உள்ளங்கையில் ஆறு மூலையும் பதிந்து உட்கார்ந்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. கை ஓங்கினார்.

அடி விழவில்லை. வண்டியின் அந்தப் பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பாதம் தரையில் படுகிற சத்தம். தடி என்னிடம்தான் இருந்தது, நான் அதைச் சீட்டிலேயே போட்டுவிட்டிருந்தேன். தடி இல்லாமல், பானட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தார் அத்தை. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றார். கூப்பிட ஆள் இல்லை, தொட ஆள் இல்லை, அவரே இறங்கி வந்திருந்தார்.

"கைய எறக்கு."

"அக்கா, இவ இன்னா பண்ணியிருக்கா தெரியுமா? நட்ட எடுத்து வெச்சிக்கினு—"

"அவ கொழந்த. நாலு போடவேண்டிய எடத்துல மூணப் போட்டுட்டு எங்கள ஏத்திக்கினு வந்தது யாருடா? அவளா, நீயா?"

அப்பா ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பார்த்தார். பிறகு அப்படியே ரோட்டோரத்தில், ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இருந்துச்சுக்கா" என்றார். "ஒண்ணு கொறயுதுன்னு தெரியும். தேடினேன், கெடைக்கல. காலைல கடையத் தொறந்து வாங்கியாந்தா திரும்ப உள்ள போயிப் படுக்கணும். என்னால முடியலக்கா. ராகுகாலம், எலுமிச்சம்பழம்னு சாக்கு சொல்லிக்கினு கெளம்பிட்டேன். மூணு போதும், மெதுவா ஓட்டுனா போதும்னு வந்தேன்."

அந்த நேரம்வரை பயம் என்பது எனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே நட்டுக்காக, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் செத்துக்கொண்டு வந்திருக்கிறோம். என்னை அடிக்க ஓங்கினாரே என்கிற கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது.

போல்ட்டின் நட்டு இல்லாத முனை தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டாமல் வண்டி ஒரு அடி நகராது. மாட்டுவதற்கு ஒருவர் கீழே போயே ஆகவேண்டும். அப்பா சக்கரத்தைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

அத்தை என்னிடம் கல் பொறுக்கிவரச் சொன்னார். நாலு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் அண்டக் கொடுத்தோம். பிறகு வண்டியின் இடது முன்பக்கம் போய் நின்று, சக்கரத்துக்கு மேலே இருந்த தகரத்தின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்தார்.

"நான் புடிச்சிக்கினு இருக்கறேன். நீ போ."

அப்பா அவரைப் பார்த்தார். தன் காலையே சரியாகத் தூக்க முடியாத மனுஷி. "நீயா? இந்த வண்டியவா?"

"நான்தான். போடா."

நானும் போய் அத்தைக்குப் பக்கத்தில் நின்று கையைக் கொடுத்தேன். தகரம் சில்லென்று இருந்தது. அப்பா ஸ்பேனரையும் நட்டையும் எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். அவர் உடம்பு உள்ளே போனது. வெளியே கால்கள் இரண்டு மட்டும் இருந்தன, இப்போது என் முன்னாலேயே. நான் ஓடவில்லை. கண்ணையும் மூடவில்லை. கை வலிக்க வலிக்க மேலே தள்ளினேன். அத்தையின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவரும் நிஜமாகவே தள்ளிக்கொண்டிருந்தார்.

வண்டி நாலு சக்கரத்தில் நிற்கிறது, ஜாக்கி கிடையாது, அது விழுவதற்கு இடமே இல்லை என்று என் தங்கை மகனைக் கேட்டால் சொல்லுவான். சொல்லட்டும். அந்த நட்டு இப்போது என்னிடம் இல்லை. வண்டியை விற்கும்போது அதோடு போய்விட்டது. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. மிச்சமிருந்த நாலு லிங்கத்திலும் அத்தை தானே இறங்கித் தானே ஏறினார் என்பதற்கு இப்போது சாட்சி நான் ஒருத்திதான்.

அப்பா முதுகெல்லாம் சேறாக வெளியே வந்தார். எழுந்து நின்றார். "ஆச்சு. கைய எடுங்க" என்றார்.

நாங்கள் எடுக்கவில்லை.

"ஆச்சுக்கா. நான் வெளிய வந்துட்டேன், பாரு."

அத்தை அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அதன்பிறகுதான் கையை எடுத்தார். அவர் எடுத்த பிறகு நான் எடுத்தேன்.